இரண்டாவது ரீடிங்

முதலாண்டு இயற்பியல் வகுப்பின் முதல் நாளில் எங்கள் பேராசிரியர் கரும்பலகைப் பக்கமே திரும்பவில்லை. மேசை மேல் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றுகொண்டு, வரப்போகிற ஓராண்டில் எங்களுக்கு என்னவெல்லாம் நடக்கும் என்று சொல்லத் தொடங்கினார். பள்ளியில் நல்ல மார்க் வாங்கியவர்கள்தான் இங்கே முதல் தேர்வில் தோற்பார்கள் என்றார். புத்தகத்தை வரி விடாமல் படித்தவனுக்குக் கேள்வியே புரியாது என்றார். கணக்குச் சரியாக வந்துவிட்டது என்று நினைக்கிறவனுக்கு அலகு தப்பாகியிருக்கும். லேபில் எடுக்கும் அளவு புத்தகத்தில் உள்ள அளவோடு ஒருநாளும் பொருந்தாது. தீபாவளிக்குள் நாலைந்து பேர் வேறு பாடத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள், அதில் தனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். எல்லாம் ஆங்கிலத்தில். எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியைப் பக்கத்தில் இருந்த, நெரவி என்ற ஊரிலிருந்து வந்த நெரவிப் பையன் அன்று மாலை தமிழில் சொன்னபோது, புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் மண்டபத்தூர்க்காரன். அப்பாவும் அண்ணனும் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர்கள். தமிழ் வழியில் ப்ளஸ் டூ முடித்துவிட்டுக் காரைக்கால் கல்லூரியில் கணிதம் கேட்டிருந்தேன். இடம் இல்லை, இயற்பியல் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். தினமும் காலையில் வரிச்சிக்குடி, கோட்டுச்சேரி வழியாகச் சைக்கிள் மிதித்துப் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இதில் பெருமையைவிடப் பயம்தான் அதிகம். தோற்றுப்போனால் அது என் ஒருவனோடு நிற்காது, எனக்குப் பின்னால் படிக்க நினைக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தெரு ஒரு முடிவு எடுத்துவிடும்.

முதல் தேர்வு ஆவணியில் வந்தது. ஒரு கேள்வி இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. ஒரு குளத்தில் ஒரு படகு மிதக்கிறது, படகில் ஒரு பாறாங்கல் இருக்கிறது, அந்தக் கல்லைத் தூக்கிக் குளத்தில் போட்டால் குளத்தின் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? எனக்கு ஒரே சந்தோஷம். மிதத்தல் விதி எனக்குத் தலைகீழாகத் தெரியும். தமிழில் படித்ததை நெட்டுருப் போட்ட ஆங்கிலத்தில் முழுப் பக்கத்துக்கு எழுதினேன். படம் போட்டேன். விதிக்குக் கீழே இரண்டு கோடு கிழித்தேன்.

தாள் திருத்தி வந்த அன்று பேராசிரியர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, என் பதிலை முதல் வரியிலிருந்து கடைசி வரை வகுப்புக்குப் படித்துக் காட்டினார். நான் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டு நின்றேன். படித்து முடித்ததும் தாளை மேசையில் வைத்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"எழுதினது எல்லாம் சரி. ஒரு தப்பும் இல்ல. ஆனா நான் கேட்டது தண்ணி ஏறுமா இறங்குமான்னு. அது இந்தப் பக்கத்துல எங்கேயும் இல்லையே."

அந்தக் கேள்விக்கு எனக்கு முட்டை போட்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்டார். மண்டபத்தூர் என்றேன். பின்பெஞ்சிலிருந்து சிரிப்பு கிளம்பியது. படகுக்காரப் பையனுக்குப் படகுக் கணக்கு தெரியவில்லை என்று யாரோ சொன்னது எனக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டிருக்கும். அவர் சிரிக்கவில்லை. சிரித்தவர்களை அடக்கவும் இல்லை. அடுத்த தாளை எடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கொல்லையில் ஒரு அகலச் சட்டியில் தண்ணீர் ஊற்றி, கொட்டாங்கச்சியை மிதக்கவிட்டு, அதில் ஒரு கருங்கல் துண்டை வைத்தேன். சட்டியின் உள்பக்கத்தில் நீர்மட்டத்தைக் கரியால் குறித்தேன். கல்லை எடுத்துத் தண்ணீருக்குள் போட்டேன். மட்டம் இறங்கியது. நம்பாமல் மறுபடி செய்தேன். மறுபடியும் இறங்கியது. கொட்டாங்கச்சிக்குள் இருக்கும்போது கல் தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்குகிறது, அடியில் கிடக்கும்போது தன் பருமன் அளவுக்கு மட்டுமே விலக்குகிறது. நான் ஒரு பக்கம் எழுதிய விதியில் இது இருக்கத்தான் செய்தது. நான்தான் பார்க்கவில்லை. அண்ணன் கொல்லைப்பக்கம் வந்தவன் சட்டியையும் என்னையும் பார்த்துவிட்டு, இதுக்குத்தான் காலேஜுக்குப் போறியா என்று கேட்டுவிட்டுப் போனான்.

அந்தத் தேர்வில் தோற்றவர்கள் பாதி வகுப்புக்கு மேல், நானும் அதில் ஒருவன். இரண்டாவது தேர்விலும் தோற்கிறவர்கள் வீட்டிலிருந்து பெரியவர்களைக் கூட்டி வரவேண்டும், அதன்பிறகு அவர்களை ஆண்டுத் தேர்வுக்கு அனுப்புவதா என்று துறைத்தலைவர் பார்த்துக்கொள்வார் என்று அறிவித்துவிட்டார்கள். இரண்டாவது தேர்வு கார்த்திகையில். நான் அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை என்றால் மிகையில்லை. சைக்கிள் மிதிக்கும்போதுகூட வாய்க்குள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

லேபில் மட்டும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அங்கே நானும் நெரவிப் பையனும் ஒரு ஜோடி. எந்தச் சோதனை செய்தாலும் தாளின் தலையில் அன்றைய வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் எழுதிய பிறகுதான் தொடங்கவேண்டும் என்பது லேபின் சட்டம். அதற்காகச் சுவரில் ஒரு பாரோமீட்டர் தொங்கியது. பித்தளை உறைக்குள் ஆள் மார்பளவு உயரத்துக்குக் கண்ணாடிக் குழாய், அதற்குள் பாதரசம், அடியில் பாதரசக் கிண்ணம். கிண்ணத்துக்குக் கீழே இருக்கும் திருகைத் திருப்பித் திருப்பி, பாதரசத்தின் மேல்பரப்பு ஒரு சின்ன யானைத்தந்த ஊசியின் நுனியைத் தொடும்படி செய்யவேண்டும். பாதரசத்தில் தெரியும் ஊசியின் பிம்பமும் ஊசியும் ஒன்றையொன்று தொடும்போது நிறுத்தி, மேலே இருக்கும் அளவுகோலைப் படிக்கவேண்டும். பல பேருக்கு இது எரிச்சலான வேலை. எனக்குப் பிடித்திருந்தது. அதை யாரும் நெட்டுருப் போட முடியாது. ஒவ்வொரு நாளும் புதிதாகப் பார்த்தால்தான் உண்டு.

பார்த்துப் பார்த்து ஒன்று பிடிபட்டது. காலை லேபில் பாதரசம் கொஞ்சம் உயரமாகவும் பிற்பகல் லேபில் கொஞ்சம் தாழ்வாகவும் நின்றது. பேராசிரியரிடம் கேட்டதற்கு, காற்றுக்கும் ஏற்றவற்றம் உண்டு, காலை பத்து மணி வாக்கில் ஏறி நிற்கும், பிற்பகல் நாலு மணி வாக்கில் இறங்கி நிற்கும், நம் பக்கத்தில் இது தினமும் நடப்பதுதான் என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போனார். கடலுக்கு மட்டும்தான் ஏற்றவற்றம் என்று நினைத்திருந்த எனக்கு அது பெரிய செய்தியாக இருந்தது.

இரண்டாவது தேர்வு நாளன்று காலையில் லேப், பிற்பகல் இரண்டு மணிக்குத் தேர்வு. அதற்கு முன் நாலைந்து நாள் விடாமல் பெய்த மழை அன்று விட்டிருந்தது. வானம் மூடவும் இல்லை, தெளியவும் இல்லை, சுண்ணாம்பு பூசியது போல வெளிறிக் கிடந்தது. காற்றே இல்லை. கல்லூரி வந்து சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. லேபுக்குள் போனதும் வழக்கம்போல நான்தான் பாரோமீட்டரைப் பார்த்தேன். காலை பத்து மணிக்கு எங்கே நிற்குமோ அங்கே பாதரசம் இல்லை. பிற்பகல் நிற்கும் இடத்துக்கும் கீழே நின்றது.

லேபைப் பார்த்துக்கொள்ளும் டெமான்ஸ்ட்ரேட்டரிடம் காட்டினேன். ஊசியைச் சரியாகத் தொட வைத்தாயா என்று கேட்டுவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். திருகை முழுக்கத் தளர்த்தி முதலிலிருந்து செய்தேன். அதே அளவு. நெரவிப் பையனை எடுக்கச் சொன்னேன். அவனுக்கும் அதே அளவு. அந்த நேரம் பேராசிரியர் உள்ளே வந்தார். அவரே குனிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

"புயல் வருதா சார்?"

"எனக்குத் தெரியாது," என்றார். "இது சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். இந்த இடத்துல, இந்த நேரத்துல, காத்தோட அழுத்தம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஒரு ரீடிங்கை வச்சு மேல ஒரு வார்த்தை சொல்ல முடியாது. லேப் முடியறப்ப இன்னொண்ணு எடு."

அன்று எங்களுக்குக் கிடைத்தது, ஒரு மரச் சட்டத்தின் நடுவில் எடைகளைத் தொங்கவிட்டு அது எவ்வளவு வளைகிறது என்று நுண்ணோக்கி வழியாகப் பார்க்கும் சோதனை. நெரவிப் பையன் எடையை ஏற்றினான், நான் பார்த்துச் சொல்லவேண்டும். இரண்டு முறை தப்பாகச் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்தது. எனக்குக் கண் சட்டத்தில் இல்லை. நாலைந்து நாள் கடலுக்குப் போகாமல் இருந்ததால் இன்று மதியத்துக்கு மேல் வலையை ஏற்றிக்கொண்டு போகப்போவதாக அண்ணன் காலையில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். மாலையில் வலை விட்டு, விடியற்காலையில் இழுத்து வாங்கிக்கொண்டு வருவது எங்கள் ஊரில் அந்தப் பருவத்து வழக்கம்.

லேப் முடிந்ததும் பாரோமீட்டருக்குப் போனேன். பேராசிரியரும் எழுந்து வந்தார். பாதரசம் இன்னும் இறங்கியிருந்தது. அந்த நேரத்துக்கு வழக்கமாக எவ்வளவு இறங்கும் என்று என்னையே கேட்டார். பழைய தாள்களைப் புரட்டிச் சொன்னேன். இன்று அதைப்போல மூன்று மடங்கு. வழக்கமாக நிற்கும் இடத்துக்கும் இன்று நிற்கும் இடத்துக்கும் நடுவே மொத்தமாக ஒரு நெல்மணியின் நீளம் வித்தியாசம். அவர் சன்னல் பக்கம் போய் வெளியே தென்னை மரங்களைப் பார்த்தார். ஒரு கீற்றுகூட அசையவில்லை.

நான் ஊருக்குப் போகட்டுமா என்று கேட்டேன். இரண்டு மணிக்குத் தேர்வு இருக்கிறதே என்றார். தெரியும் என்றேன். அவர் சன்னலை விட்டுத் திரும்பினார்.

"போன்னு நான் சொல்ல மாட்டேன். போகாதேன்னும் சொல்ல மாட்டேன்," என்றார்.

நெரவிப் பையன் சைக்கிள் நிறுத்தம் வரை கூடவே வந்தான். இந்தத் தேர்வையும் விட்டால் உன் அப்பா வந்து நிற்கவேண்டும், தேர்வு எழுதிவிட்டுப் போனால் நாலு மணிக்கு ஊரில் இருக்கலாம், அதற்குள் என்ன ஆகிவிடும் என்று கேட்டான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனாலேயே பதில் சொல்லாமல் ஏறி மிதித்தேன்.

கோட்டுச்சேரி தாண்டும் வரை வேகமாகப் போனேன். வரிச்சிக்குடியில் சாலையின் இரண்டு பக்கமும் சம்பா பச்சைப்பசேலென்று நின்றது. பெண்கள் வரிசையாகக் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பயிர் நுனி ஆடவில்லை. எல்லாம் எப்போதும் போல இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அங்கே ஒரு டீக்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இறங்கி, மதியச் செய்தியில் புயல் பற்றி ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் இருக்கிறதாம், ஆந்திராப் பக்கம் போகிறதாம் என்றார் கடைக்காரர். ஒரு கால் தரையிலும் ஒரு கால் பெடலிலுமாக நின்றேன். இப்போது திரும்பினால் தேர்வுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆந்திராவில் அடிக்கப்போகிற புயலுக்காக நான் ஒரு வருடத்தைத் தொலைக்கப் பார்க்கிறேனா? ஆனால் பாதரசம் இறங்கியது ஆந்திராவில் இல்லை, காரைக்காலில் என் கண் முன்னால். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். மண்டபத்தூர் பக்கமே மிதித்தேன்.

கடற்கரைக்குப் போனபோது இரண்டு கட்டுமரங்கள் ஏற்கெனவே அலையைத் தாண்டிப் போய்விட்டிருந்தன. பின்னால் போய்க்கொண்டிருந்தது என் சித்தப்பாவுடையது. கூப்பிட்டால் கேட்காத தூரம். அண்ணனும் அவன் கூட்டாளியும் மூன்றாவது மரத்தில் வலையை ஏற்றிக் கட்டிவிட்டுத் தள்ளுவதற்குத் தயாராக நின்றார்கள். அப்பா மணலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, இன்னைக்குப் போவாத."

அண்ணன் என்னைப் பார்த்துத் திகைத்தான். பரீட்சை இல்லையா என்று கேட்டான். மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பாதரசம் என்றால் என்ன, அது ஏன் இறங்குகிறது, தினமும் எவ்வளவு இறங்கும், இன்று எவ்வளவு. அவன் பொறுமையாகத்தான் கேட்டான்.

"எவ்ளோ எறங்கிச்சு?"

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துக் காட்டினேன். "ஒரு நெல்லு நீளம்."

"ஒரு நெல்லு நீளம் எறங்குனதுக்கு என்னைய வூட்ல குந்தியிருக்கச் சொல்றியா?"

அப்பா அண்ணனைக் கையமர்த்திவிட்டு, வாத்தியார் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பொய் சொல்லத் தோன்றியது. புயல் வரும் என்று சார் உறுதியாகச் சொன்னார் என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். வாய் வரவில்லை.

"தெரியாதுன்னு சொன்னாரு."

"தெரியாதுன்னு சொன்னவரு பேச்சைக் கேட்டா இவ்ளோ தூரம் ஓடியாந்தே?" என்றான் அண்ணன்.

அவன் கூட்டாளி சிரித்தான். அப்பா எழுந்து கடலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அலை கொஞ்சம் நீளமாக வருகிறது, ஆனால் இந்த மாதத்தில் அப்படி வருவதுதான், எனக்கும் ஒன்றும் தெரியவில்லை என்றார். அண்ணன் மரத்துக்குத் தோள் கொடுத்தான். நான் மரத்தின் மேல் கிடந்த துடுப்பைப் பிடுங்கி, இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினேன். கொடு என்றான். கொடுக்க முடியாது என்றேன். கன்னத்தில் அறைந்தான். அம்மா ஓடிவந்தாள். கரையில் இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். படிக்கப்போனவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று ஒருவர், தம்பி இவ்வளவு சொல்கிறான், ஒருநாள் போகாவிட்டால் என்ன என்று இன்னொருவர். அண்ணன் மறுபடி துடுப்பைப் பிடித்து இழுத்தான், நான் விடவில்லை, இரண்டு பேரும் மணலில் விழுந்தோம். அவனை நான் ஒரு சொல்லாலும் மாற்றவில்லை என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். சண்டையில் நேரம் போனது, அவ்வளவுதான்.

முதலில் மணல் பறந்தது. வடமேற்கிலிருந்து காற்று ஒரே வீச்சாக வந்து, கரையில் காயப்போட்டிருந்த கருவாட்டுப் பாய்களைத் தூக்கியது. எல்லோரும் ஒரே நேரத்தில் கடல் பக்கம் திரும்பினோம். கிழக்கே வானமும் தண்ணீரும் சேரும் இடத்தில் கோடே இல்லை, கறுப்பாக ஒரு சுவர் நின்றது. அண்ணன் துடுப்பை விட்டுவிட்டு மரத்தை மேலே இழுக்க ஓடினான். எல்லா மரங்களையும் தென்னந்தோப்பு வரை இழுத்துப் போட்டோம்.

வெளியே போயிருந்த இரண்டில் முன்னால் போன மரம் திரும்பிவிட்டது. கரைக்கு வரும்போது அலையில் புரண்டது. அண்ணனும் மற்றவர்களும் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி, அதிலிருந்த இரண்டு பேரையும் இழுத்து வந்தார்கள். சித்தப்பாவின் மரத்தைக் காணவில்லை.

சித்தி மழையில் நனைந்துகொண்டு கரையில் நின்றாள். என்னைக் கண்டதும் அருகில் வந்தாள். நான் ஏதோ மிஷினில் பார்த்துவிட்டு ஓடிவந்தேன் என்று அதற்குள் அவள் காதுக்குப் போயிருந்தது.

"எப்பப் பாத்தே?"

காலையில் பத்து மணிக்கு என்றேன்.

"பத்து மணிக்கே பாத்தவன் அப்பவே வந்திருந்தா அவுக போயிருக்க மாட்டாக இல்ல?"

இரண்டாவது தடவை பார்த்து உறுதி செய்யவேண்டியிருந்தது என்று சொன்னேன். அந்த வார்த்தைகளைச் சொல்லும்போதே அவை எவ்வளவு லேசாக இருக்கின்றன என்று எனக்குத் தெரிந்தது.

"ரெண்டாந்தரம் எதுக்குடா பாத்தே?" என்றாள் சித்தி.

அவள் திட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அன்று இரவு எங்கள் தெருவில் யாரும் படுக்கவில்லை. காற்று விடிவதற்குள் தணிந்துவிட்டது. புயலின் மையம் எங்களை விட்டுத் தள்ளி வேறெங்கோ கரை ஏறியது என்று பிறகு கேள்விப்பட்டோம். எங்களுக்குக் கிடைத்தது அதன் ஓரம்தான். மறுநாள் பிற்பகல் ஒரு செங்கல் லாரியில் சித்தப்பாவும் அவரோடு போனவரும் வந்து இறங்கினார்கள். வலையும் மரமும் போய்விட்டன. மரத்தின் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டே தெற்கே இழுத்துச் செல்லப்பட்டு, திருமலைராயன்பட்டினத்துப் பக்கம் ஒதுங்கியிருந்தார்கள். சித்தப்பாவின் இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் இல்லை. சித்தி அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது நான் வாசலில் போய் நின்றேன். உள்ளே வா என்று அவள் கூப்பிடவில்லை. பொங்கலுக்குத்தான் என்னோடு மறுபடி பேசினாள்.

கல்லூரி திறந்த அன்று சாலையெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் சைக்கிளைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு போனேன். பேராசிரியர் மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நின்றார். தேர்வைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"உங்க ஊர்ல எல்லாரும் வந்துட்டாங்களா?"

நடந்ததைச் சொன்னேன். சித்தப்பா ஒதுங்கியதைச் சொன்னதும் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பிறகு சித்தி கேட்ட கேள்வியையும் சொன்னேன். அவரைக் குற்றம் சொல்வதற்காக இல்லை, எனக்குப் பதில் வேண்டியிருந்தது. அவரிடம் இருக்கும் என்று நினைத்தேன். அவர் முகம் மாறியது.

"உன் சித்தி கேட்டது நியாயம்," என்றார். "ஒரு ரீடிங்கை நம்பாதேன்னு நான் சொன்னதும் நியாயம். ரெண்டும் எப்படி ஒண்ணா நியாயமா இருக்குன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக ஒன்றும் இல்லை. ஆனால் ஏதோ ஒரு சமாதானத்தைச் சொல்லி என்னை அனுப்பியிருந்தால் அன்றே அந்த வகுப்பை விட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

தேர்வு விஷயத்தில் அவர் இம்மியும் இறங்கி வரவில்லை. வராதவன் வராதவன்தான், பூச்சியம்தான், அப்பா வந்தே ஆகவேண்டும் என்றுவிட்டார். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தார். துறைத்தலைவர் அறை வாசலில் செருப்பைக் கழற்றப்போனவரை நான்தான் தடுத்தேன். துறைத்தலைவர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பையன் இரண்டு தேர்விலும் தேறவில்லை, இப்படியே போனால் சிரமம் என்று அவர் சொன்னதை அப்பா முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"அவன் அன்னைக்கு வந்ததுல என் மூத்த மவன் எனக்கு மிஞ்சுனான்ங்க. அதுக்காவப் பரிச்சைய வுட்டது சரின்னு நான் சொல்லலீங்க. நீங்க என்னா செய்யணுமோ செய்யுங்க."

அண்ணனோடு சண்டை போட்டதற்கு வீட்டில் அப்பா என்னிடம் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் என்ன நினைத்தார் என்பது எனக்கு அந்த அறையில்தான் தெரிந்தது. பேராசிரியர் சன்னல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது தேர்வில் தேறினால் ஆண்டுத் தேர்வுக்கு அனுப்பலாம் என்று அவர்தான் சொன்னார்.

மூன்றாவது தேர்வு மாசியில். அதற்குள் பேராசிரியர் முதல் நாள் சொன்னதுபோல நாலைந்து பேர் இல்லை, எட்டுப் பேர் வகுப்பை விட்டுப் போயிருந்தார்கள். நெரவிப் பையன் வணிகவியலுக்கு மாறினான், எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனான். லேபில் தனியாக வேலை செய்தேன். கேள்வியைப் படித்ததும் எழுதத் தொடங்காமல், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதில் என்ன கேட்கிறார்கள், என்ன கொடுத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாதது எது என்று மூன்றையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கம் அந்த மாதங்களில்தான் வந்தது. தேர்வில் கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் பாதிதான் வந்தது. வந்தவரை எழுதி, இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். தாள் வந்தபோது அந்தப் பாதிக்குப் பேராசிரியர் மார்க் போட்டிருந்தார். ஒப்பேறிவிட்டேன். யார் பெயரையும் படிக்காமல் தாள்களைக் கொடுத்துக்கொண்டே போனார்.

ஆண்டுத் தேர்வில் இயற்பியலில் நடுத்தரமான மார்க்கோடு தேறினேன். ஆங்கிலத்தில் தோற்றேன். செப்டம்பரில் மறுபடி எழுதவேண்டும். முடிவைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் சொன்னபோது, அந்த மிஷின் பாடத்தில் தேறிவிட்டாயா என்று அண்ணன் மட்டும் கேட்டான். தேறிவிட்டேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு வலையைப் பிரிக்க உட்கார்ந்தான்.

அந்தக் கோடையில் பேராசிரியருக்குக் கேரளக் கரையில் இருக்கும் மாஹேக்கு மாற்றல் வந்தது. விடுமுறையில் போய்விட்டதால் பார்க்க முடியவில்லை. ஆனியில் கல்லூரி திறந்தபோது வேறு ஒருவர் வந்து, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மின்னியல் என்று பலகையில் எழுதி நேராகப் பாடத்தைத் தொடங்கினார். நான் ஆங்கிலப் புத்தகத்தை மடியிலும் இயற்பியல் தாள்களை மேசையிலும் வைத்துக்கொண்டு, முன்பெஞ்சில் காலியாகக் கிடந்த இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தேன்.